கார்ல் ஃப்ராய்ண்டை விட்டுவிட்டீர்களே

தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் கார்ல் ஃப்ராய்ண்ட் பெயர் இல்லாதது குறைதான். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' என்ற மௌனப் படத்துக்குக் கேமரா பிடித்தவர்களில் ஒருவர். 'தி குட் எர்த்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் அறுபது வயதைத் தாண்டி, 1951-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடருக்கு ஒளிப்பதிவாளராக வந்தார். எதிரே பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்க, மூன்று 35 மி.மீ. பிலிம் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தால் சிரிக்க வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்களே! அதனால் பெரும்பாலான விளக்குகளை மேலே தொங்கவிட்டு, எந்தக் கோணத்துக்கும் பொருந்தும்படி சீரான வெளிச்சம் அமைத்தார். கீழே தரையும் கேமராக்கள் நகரக் காலியாகக் கிடைத்தது. சினிமாவில் நிழலோடு விளையாடிய அவர் கைக்கு இது சப்பென்றுதான் இருந்திருக்கும். ஆனாலும் பின்னால் வந்த எத்தனையோ ஸ்டுடியோ நகைச்சுவைத் தொடர்கள் இந்த ஏற்பாட்டைத்தான் பிடித்துக்கொண்டன.