பொறுத்துக்கொள் என்பது வைத்தியம் அல்ல

ஒரு மகப்பேறு மருத்துவரின் காணொளிக்குக் கீழே, கருத்துப் பகுதியில் நடந்த கூத்து இது. உடலுறவின்போது தாங்க முடியாத வலி, என்ன செய்வது என்று பெயரை மறைத்துக்கொண்டு ஒரு பெண் கேட்டார். கிடைத்த பதில்கள்: "போகப் போகச் சரியாகும்", "மனசு வேறெங்கோ இருக்கும்". கூடவே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

வலித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கிருமித்தொற்றாக இருக்கலாம். பாலூட்டும்போதும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து வரும் வறட்சியாக இருக்கலாம். ஆழத்தில் வலித்து, மாதவிடாயிலும் சுருண்டு படுக்க வைத்தால் எண்டோமெட்ரியோசிஸா, அதாவது கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவுறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெஜைனிஸ்மஸ் என்றால், தூசி பறந்து வரும்போது இமை மூடிக்கொள்வதைப் போல யோனியைச் சுற்றியுள்ள தசை தானாகவே இறுகிவிடும். இமையைத் திட்டுவீர்களா? இடுப்புத் தளத் தசைகளுக்கான பிசியோதெரபி, யோனியை மெல்லப் பழக்க, படிப்படியாக அளவு கூட்டும் டைலேட்டர் என்ற வழவழப்பான கருவி, மனநல ஆலோசனை என்று அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பொறுத்துக்கொள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

மூத்தவன் பிறந்தபோது எனக்குப் போட்ட தையல், ஆறிய பிறகும் வலித்தது. மருத்துவமனையில் என் முறை முடிவதற்குள்ளேயே அடுத்தவர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மருத்துவர் தலை நிமிராமல், "இன்னொன்று பெற்றால் சரியாகிவிடும்மா" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். ஸ்டூல் அம்மாள் ஆமோதித்துத் தலையாட்டினார்! பின்னாளில் வேறொரு மருத்துவர் தழும்பில் விரல் வைத்து, "இங்கேதானே?" என்று கேட்டபோது அங்கேயே அழுதுவிட்டேன்.

"எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், வலி என்று சொன்னதில்லையே" என்பார்கள். யாரிடம் சொல்லியிருப்பாள், உங்கள் தாத்தாவிடமா? பத்துப் பிள்ளை பெற்றதற்கு அவள் வயிறு சாட்சி. வலிக்கவில்லை என்பதற்கு யார் சாட்சி? ஆண்களுக்கும் வலி வருமே என்றால், வரும். முன்தோல் இறுக்கத்தாலும் வரும். அவர்களும் மருத்துவரிடம் போகட்டும். குடும்ப விஷயத்தைப் பொதுவில் பேசலாமா என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. மணமான அடுத்த மாதமே "விசேஷம் உண்டா?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சத்தமாகக் கேட்கிறீர்களே, அது மட்டும் எந்த விஷயம்?

சிரித்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். அதுதான் தூங்கவிடவில்லை. ஆண்கள் சிரித்தால் கோபம் வருகிறது, திட்டிவிட்டுப் போய்விடலாம். நீ ஏன் சிரித்தாய்? உனக்கு வலித்ததே இல்லையா, இல்லை உன்னிடம் யாரும் கேட்கவில்லையா?

உள்பெட்டிக்கு வந்து, "இதை உங்கள் கணவர் படிப்பாரா மேடம்?" என்று கேட்கவிருக்கும் அண்ணன்மாருக்கு: படித்துவிட்டார். இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்தியதும் அவர்தான்.