மாதாமாதம் தாவாங்கட்டையில் வரும் பரு: முகத்தைத் தேய்க்கிறதை முதலில் நிறுத்துங்க

மாதவிலக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது தாவாங்கட்டை, தாடை ஓரம், கழுத்தின் மேல்பக்கம் என்று உள்ளே இருந்து கிளம்பி, தொட்டாலே வலிக்கிற பரு. விலக்கு வந்து நாலைந்து நாளில் மெல்ல அமுங்கி, கருப்புத் தடத்தை விட்டுவிட்டுப் போகும். அடுத்த மாதம் கிட்டத்தட்ட அதே இடத்தில் திரும்ப வரும். இதைப் பார்த்ததும் வீட்டில் சொல்கிற முதல் வார்த்தை, "முகத்தை நல்லாத் தேச்சுக் கழுவு அம்மிணி." இரண்டாவது, "உடம்புச் சூடு." இரண்டுமே தப்பு. முதலாவது கெடுதலும் கூட.

இந்தப் பருவுக்குக் காரணம் ஹார்மோன். ஆண் ஹார்மோன் என்று சொல்கிற ஆண்ட்ரோஜன் ஆணுக்கு மட்டும் உரியதில்லை, பெண் உடம்பிலும் அளவோடு இருக்கிறது. விலக்குக்கு முந்தைய நாட்களில் பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் இறங்க, ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. தோலின் எண்ணெய்ச் சுரப்பி கூடுதலாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் வாயில் செத்த செல்கள் எண்ணெயோடு ஒட்டி அடைக்கின்றன. அந்த அடைப்புக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியா பெருகி, வீக்கம் கிளம்புகிறது. இத்தனையும் தோலுக்கு அடியில் நடக்கிற வேலை. கடலை மாவும் ஸ்க்ரப்பும் அங்கே எட்டவே எட்டாது. மேல்தோலை மட்டும் கீறிவிட்டு வரும். கீறின தோல் எரியும், வீக்கம் கூடும், தடம் இன்னும் கருக்கும்.

ஒரு சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்க. தாவாங்கட்டைப் பரு எல்லாமே ஹார்மோன் பரு ஆகிவிடாது. ஹெல்மெட் வார் உரசுகிற கோட்டிலோ, மில்லிலும் பனியன் கம்பெனியிலும் நாள் முழுக்கப் போடுகிற மாஸ்க்கின் ஓரத்திலோ மட்டும் வந்தால் அது உரசலாலும் வியர்வையாலும் வருவது. வாரைத் துவைத்து, மாஸ்க்கைத் தினமும் மாற்றினால் அது குறையும். நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக இருந்தால் தலைக்கு வைக்கிற எண்ணெயைச் சந்தேகப்படுங்க. விலக்கோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்பதுதான் அடையாளம். அதற்குக் காலண்டர் வேண்டும். விலக்கு வந்த தேதியையும் பரு கிளம்பின தேதியையும் மூன்று மாதம் குறித்து வையுங்க.

அடுத்தது தண்ணி. நம்ம ஊர்ப் பருவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணியை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு ஆச்சரியம். உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணி வருகிற கோவை வீட்டுக்கும், உப்பான போர் தண்ணியை நம்பி இருக்கிற பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்து வீட்டுக்கும் ஒரே யோசனை ஒத்துவராது. உப்புத்தண்ணியில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து, வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு முகத்திலும் தங்கும். போதாததற்கு, குளிக்கிற சோப்பின் பிஎச் (அமில-கார அளவு) 9, 10 இருக்கும். தோலுக்கு வேண்டியது 5-ஐ ஒட்டி. அதனால் முகத்துக்குக் குளியல் சோப்பு வேண்டாம். சோப்புச் சேராத, நுரை குறைவான, பிஎச் 5.5 என்று போட்டிருக்கிற ஃபேஸ்வாஷ் வாங்குங்க. இது உப்புத்தண்ணியிலும் திரியாது. முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு நல்லதண்ணி எடுத்து வையுங்க.

காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, அவ்வளவுதான். ஒரு ரூபாய்க் காசு அளவு ஃபேஸ்வாஷ், விரல் நுனியால் அரை நிமிடம், பச்சைத்தண்ணியோ லேசான வெதுவெதுப்போ. துண்டால் ஒற்றி எடுங்க, துடைக்க வேண்டாம். மத்தியானம் பிசுபிசுத்தால் வெறும் தண்ணி போதும். ஐந்து தடவை ஃபேஸ்வாஷ் போட்டால் எண்ணெய் வற்றிவிடும் என்பது கணக்குக்கு ஒத்துவராது. சுரப்பிக்கு உத்தரவு ஹார்மோனிடமிருந்து வருகிறது, மேலே கழுவுவதால் அது நிற்காது. காய்ந்து எரிகிற தோல்தான் மிஞ்சும்.

கழுவின ஈரம் முழுக்க காயும் முன்னே மாய்ஸ்ச்சரைசர். எண்ணெய்ப் பசை முகத்துக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் அதிகம். பருவுக்குப் போடுகிற மருந்தில் பலதும் தோலை வறட்டும். வறண்ட தோல் மருந்தைத் தாங்காமல் எரியும், எரிந்ததும் மருந்தை நிறுத்திவிடுவோம். பெரும்பாலான வைத்தியம் தோற்பது அந்த இடத்தில்தான். ஜெல் பதத்தில், கிளிசரினோ செராமைடோ சேர்ந்தது, டப்பாவில் நான்-காமிடோஜெனிக் (துவாரத்தை அடைக்காதது) என்று போட்டிருந்தால் நல்லது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காத்து அடிக்கிற மாதங்களில் இதை ஒரு நாளும் விடாதீங்க.

காலையில் கடைசியாக சன்ஸ்கிரீன், வெயிலைத் தடுக்கிற அளவான எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை இரண்டு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. நம்ம மாநிறத் தோலில் பருவை விடப் பெரிய தொல்லை அது விட்டுப்போகிற தடம். வெயில் பட்டால் அது மாதக்கணக்கில் மறையாது.

ராத்திரிக்கு அடாபலீன் 0.1% ஜெல். அடைபடுகிற மயிர்க்கால் வாயைத் திறந்து வைக்கிற மருந்து இது. மருத்துவரிடம் கேட்டு ஆரம்பியுங்க. கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ கண்டிப்பாக வேண்டாம். அப்படிப்பட்டவர்களுக்கு அசெலாயிக் ஆசிட் ஒத்துவருமா என்று கேட்கலாம், தடத்துக்கும் அது நல்லது.

பூசுகிற விதத்தில்தான் எல்லாரும் தப்புப் பண்ணுகிறார்கள். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது வீண். இனி வரப்போகிற பருவைத் தடுப்பதுதான் இதன் வேலை, அதனால் பரு வருகிற பகுதி முழுக்கப் போட வேண்டும். இந்த ராத்திரிகளில் மட்டும் மாய்ஸ்ச்சரைசர் ஜெல்லுக்குப் பிறகுதான். முகம் கழுவி, ஒற்றி, 15 நிமிடம் நன்றாகக் காயவிடுங்க. ஈரத்தில் போட்டால் எரிச்சல் கூடும். ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், தாவாங்கட்டை என்று புள்ளி வைத்து மெல்லிசாகப் பரப்புங்க. கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரம் வேண்டாம். அங்கே முன்கூட்டியே துளி வாஸலின் தடவிவிட்டால் பாதுகாப்பு. முதல் 2 வாரம் வாரத்துக்கு 2 ராத்திரி, அடுத்த 2 வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், தோல் தாங்கினால் பிறகு தினமும். எரிந்தால் மாய்ஸ்ச்சரைசர், அதன்மேல் அடாபலீன், அதன்மேல் மறுபடி மாய்ஸ்ச்சரைசர். முதல் மாதத்தில் தோல் உரியும், பரு கூடினது போலவும் தெரியும். பயந்து விட்டுவிடாதீங்க. பலனை 12 வாரம் கழித்துத்தான் எடை போட வேண்டும். விலக்குக் கணக்கில் பார்த்தால் மூன்று சுற்று.

சிவந்து சீழ் வைக்கிற பருவும் சேர்ந்து இருந்தால், பாக்டீரியாவைக் கொல்கிற பென்சாயில் பெராக்சைடு 2.5%. 5, 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும், பலன் அந்த அளவுக்குக் கூடாது. காலையில் தாடைப் பகுதியில் தடவி 5 நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்க. இது துணியை வெளுக்கும். திருப்பூரில் எவ்வளவு கெட்டியாகச் சாயம் ஏற்றினதாக இருந்தாலும் சரி, கழுத்துப்பட்டியும் தலையணை உறையும் திட்டுத்திட்டாகப் போய்விடும். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்க. அடாபலீனையும் இதையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம், ஒரு மாதமாவது இடைவெளி விடுங்க.

காலண்டரில் அந்த ஒரு வாரம் வரும்போது புதுசாக எதையும் முகத்தில் போட்டுப் பார்க்காதீங்க. திரெட்டிங், வேக்ஸிங், பிளீச் எல்லாம் விலக்கு முடிந்த பிறகு. வலிக்கிற கட்டிக்கு ஐஸைத் துணியில் சுற்றி 5 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. கிள்ளினால் அது வெளியே வராது, மயிர்க்காலின் சுவர் உள்ளேயே உடைந்து வீக்கம் பரவும். பள்ளம் விழுவது அப்படித்தான். கடையில் விற்கிற பரு ஸ்டிக்கர் வெள்ளைத் தலை தெரிகிற பருவுக்குத்தான், ஆழத்துக் கட்டிக்கு உதவாது.

இனி மஞ்சள். ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு வாங்கினது, அதன் பெருமையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அடாபலீன் போடுகிற தோலில் மஞ்சளை இழைத்துத் தேய்த்தால் உரிகிற தோல் இன்னும் உரியும். எலுமிச்சைச் சாறு அதைவிட மோசம், அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணாகலாம். தேங்காய் எண்ணெய் தலைக்கு இருக்கட்டும், முகத்தில் துவாரத்தை அடைக்கும். அரப்புப் போட்டுத் தலைக்கு ஊற்றும்போது தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்க, கடைசியில் முகம் கழுவுங்க.

எனக்கு உண்மையில் கோபம் வருவது ஒரு விஷயத்தில். "அடுத்த மாசம் பொண்ணு பார்க்க வர்றாங்க, அதுக்குள்ள முகம் தெளியணும்" என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற களிம்பு. டியூபைத் திருப்பிப் பாருங்க. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், அதனால்தான் நம்புகிறோம். வாரங்கள் போகப்போக தோல் மெலிந்து நரம்பு தெரியும், சிவக்கும், பூனைமுடி வளரும், ஒரே அளவில் பரு முகம் முழுக்கக் கிளம்பும். நிறுத்தினால் இரண்டு மடங்காகும் என்பதால் மறுபடி அதையே தேடிப் போவார்கள். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் விதி வந்தும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்க. ஒரு கல்யாணத் தேதிக்காக ஒரு பெண்ணின் தோலைப் பணயம் வைக்காதீங்க.

சாப்பாட்டில் சர்க்கரையும் மைதாவும் குறைந்தால் சிலருக்குப் பருவும் குறைகிறது. பாலும் சிலருக்குச் சேர்வதில்லை. நாளைக்கு ஐந்து டீ குடிப்பவர்கள் இரண்டாகக் குறைத்து இரண்டு மாதம் பார்க்கலாம். பட்டினி வேண்டாம்.

விலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவது, தாடையில் தடித்த முடி, உச்சந்தலை முடி மெலிவது, பின்கழுத்து வெல்வெட் மாதிரி கருப்பது, இவற்றில் ஏதாவது பருவோடு சேர்ந்து இருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கலாம், களிம்பு மட்டும் போதாது. பெண்கள் நல மருத்துவரைப் பாருங்க. ஆண்ட்ரோஜனை மட்டுப்படுத்துகிற ஸ்பைரோனோலாக்டோனும் ஹார்மோன் மாத்திரையும் அவர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டியவை, தோழிக்குக் கொடுத்ததை வாங்கிப் போடக் கூடாது. போகும்போது அந்த மூன்று மாதக் காலண்டர், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த முகப் படங்கள், இதுவரை பூசின எல்லா டியூபும் எடுத்துப் போங்க. காலி டியூபையும் தூக்கிப் போடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்க, அதில் என்ன இருந்தது என்று மருத்துவர் படித்துப் பார்க்க வேண்டும்.