ஓர் ஆட்டை இறக்க எத்தனை விளம்பரம் பார்க்க வேண்டும்?

நேற்று இரவு அப்பாவும் நானும் கைபேசியில் ஆடுபுலி ஆட்டம் ஆட உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் ஆகியும் ஓர் ஆட்டம்கூட முடியவில்லை. எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

இந்த ஆட்டத்துக்கு என்ன வேண்டும்? தரையில் ஒரு முக்கோணம், உச்சியிலிருந்து இறங்கும் நான்கு கோடுகள், குறுக்கே ஓடும் கோடுகள். மொத்தம் 23 புள்ளிகள். மூன்று புளியங்கொட்டைகள் புலி, 15 கூழாங்கற்கள் ஆடு. கோயில் கல்தரையில் கட்டம் செதுக்கி ஆடிய ஆட்டம் இது. ஒரே கட்டிலில் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் இதை ஆட, அந்தச் செயலி இணைய இணைப்பு கேட்கிறது! எதற்கு? விளம்பரத்தை இறக்குவதற்குத்தான், வேறெதற்கு?

அதற்கு முன் இறக்கிய இன்னொரு செயலியின் பெயரும் ஆடுபுலிதான். திறந்தால் சதுரக் கட்டம், நான்கு புலி, 20 ஆடு. அது நேபாளத்து பாக் சால். அருமையான ஆட்டம், மறுக்கவில்லை. அதை அதன் பெயரிலேயே தர வேண்டியதுதானே? எங்கள் ஆட்டத்தின் பெயரை ஏன் ஒட்டுகிறீர்கள்?

சரி, கட்டமாவது சரியாக இருக்கிறதே என்று, இணைய இணைப்பு கேட்ட அந்த இரண்டாவது செயலியைத் திறந்தோம். அப்பா எப்போதும் ஆட்டுப் பக்கம்தான். ஆடு ஆடுவதற்குப் பொறுமை வேண்டும். 15 ஆடுகளும் இறங்கும் வரை ஒன்றையும் நகர்த்த முடியாது. புலியோ முதலிலிருந்தே துள்ளும். ஆட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி காலியாக இருந்தால் போதும், தாண்டி வெட்டிவிடும். அதனால் ஒவ்வோர் ஆட்டையும் வைக்கும்போது, நாலு நகர்த்தலுக்கு அப்பால் எது காலியாகும் என்று பார்க்க வேண்டும். அந்த யோசனைதான் ஆட்டமே. அந்த யோசனைக்குள்தான் இந்தச் செயலி மூன்று காய்க்கு ஒரு முறை விளம்பரத்தைத் திணிக்கிறது. அலறும் இசை, வெடிக்கும் மிட்டாய்கள். மூட வேண்டிய பெருக்கல் குறி கடுகளவு. அப்பாவின் விரல் அதில் எப்படிப் படும்? பக்கத்தில் பட்டு, எதையோ வாங்கச் சொல்லும் பக்கம் திறந்துகொள்கிறது.

உச்சிப் புள்ளிக்குக் கீழே நான்கு கோடுகளும் நெருங்கும் இடம் இருக்கிறதே, அங்கே நான்கு புள்ளிகள் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கிவிட்டன. அப்பா இரண்டாவது புள்ளியைத் தொட்டார். ஆடு மூன்றாவதில் விழுந்தது. திரும்ப எடுக்க வேண்டுமா? 30 விநாடி விளம்பரம் பார்க்க வேண்டுமாம்! தவறு உங்கள் கட்டத்தில், தண்டனை எங்களுக்கா?

பணம் கேளுங்கள், கொடுத்துவிடுகிறேன். ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ள வழி உண்டா என்றால் இல்லை. வாரச் சந்தா! கரிக்கட்டியால் கோடு போட்டு ஆடுகிற ஆட்டத்துக்கு வாரா வாரம் கப்பம்!

கடைசி ஆட்டத்தைச் சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். 13 ஆடுகள் இறங்கிவிட்டன, ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. என் இரண்டு புலிகள் அசைய வழியில்லாமல் அடைபட்டுவிட்டன. மூன்றாவதை எங்கே கொண்டுபோவது என்று எனக்கே வியர்த்தது. கண்ணைச் சுருக்கிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "இப்போது பார்" என்று விரலை நீட்டினார். விளம்பரம் வந்தது. மூடினேன். இன்னொன்று வந்தது. அதையும் மூடியபோது செயலியே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் வெறும் கட்டம். ஓர் ஆடுகூட இல்லை.

பதினான்காவது ஆட்டை எங்கே வைக்கப் போனீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். சிறிது நேரம் வெறும் கட்டத்தையே பார்த்தார். "மறந்துவிட்டதடா" என்று சொல்லிக் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.