வலைக்கண்ணைப் பெருசாக்கினா எல்லாம் சரியாம்

நேற்றைய எங்கட மீனவர் சங்கக் கூட்டத்தில ரோலரைப் பற்றிக் கதை வந்தது, அதுதான் பை மாதிரியான மடி வலையைக் கடல் நிலத்தோட இழுக்கிற எஞ்சின் படகு. அதில ஒருத்தர் சொன்ன கதை என்னை விடிய விடிய நித்திரை கொள்ள விடேல்ல. "மடியின்ர கண்ணைப் பெருசாக்கினாச் சரி, பிறகு ரோலர் இழுத்தா என்ன" எண்டு எவ்வளவு லேசாச் சொல்லிப்போட்டு இருந்திட்டார்.

குஞ்சு மீன் தப்பட்டுமெண்டு கண்ணைப் பெருசாக்கிறது பிழையெண்டு நான் சொல்லேல்ல. கடதாசியில எழுதின கண் வேற, கடலுக்க இழுபடேக்க இருக்கிற கண் வேற. இதைத்தான் சொல்ல எழும்பினன், முடிக்க விடேல்ல.

போன மாசம் எங்கட வலையில ரோலர் மடித் துண்டொண்டு சிக்கி வந்தது. முத்தத்தில போட்டு கண்ணுக்க பெருவிரலை விட்டன், சுகமாப் போச்சு. பிறகு மகனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி மற்றப் பக்கத்தை நான் இழுத்தன். கண்ணெல்லாம் கோடு மாதிரி ஒட்டிப்போச்சு, சின்ன விரல் கூட நுழையேல்ல. ரெண்டு பேர் கையால இழுக்கவே இப்பிடியெண்டா, எஞ்சின் இழுத்து மடியில மீன் பாரமும் ஏறினா என்னவாகும்? குஞ்சு எதால வெளிய போறது? டயமண்ட் வடிவில கட்டின கண் அப்பிடித்தான். அதையே சதுரக் கண்ணாக் கட்டினா இழுபட்டாலும் திறந்து நிக்கும், கொச்சியில இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இதைக் கனகாலமாச் சொல்லுது. நோர்வேயில இறால் மடிக்கு முன்னால கம்பித்தட்டு பூட்டினவை, இறால் இடைவெளியால உள்ள போகும், பெரிய மீன் மேல் ஓட்டையால தப்பும். ஆனா இறாலளவு குஞ்சு இறாலோடயே உள்ளதான் போகும். அங்கயும் முழுசாத் தீரேல்ல.

"தமிழ்நாட்டில சட்டம் இருக்குத்தானே" எண்டுவினம். இருக்கு, மடியின்ர கண் 40 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாதெண்டு. ராவில அங்கத்தே ரோலருகள் எங்கட இலங்கைக் கடலுக்க வந்து இழுக்கேக்க ஆர் போய் அளக்கிறது? உள்ளுக்க இன்னொரு சின்னக்கண் வலையைச் சொருகினா ஆருக்குத் தெரியும்?

"கரையில நிண்டு இழுக்கிற உங்கட கரைவலையில குஞ்சு படுறேல்லையோ" எண்டும் கேப்பினம். படுகுது. நான் மறைக்கேல்ல, அதுவும் திருந்தோணும். அதுக்காக ரோலரையும் கரைவலையையும் ஒரே தராசில வைக்காதேங்கோ.

எங்கட அப்பா மூண்டரை இஞ்சிக்குக் குறைஞ்ச வலையை எங்கட மீன்பிடிக் கொட்டில் வாடிக்குள்ள எடுக்க விடமாட்டார். குஞ்சு கண்ணால ஓடிடும், அளவான மீன்தான் செவுளில மாட்டும், "ஓடினது அடுத்த வரியம் வரும்" எண்டுவார். பள்ளிக்கூடம் போகாத மனுசன். சண்டை முடிஞ்சு முல்லைத்தீவுக்குத் திரும்பி வரேக்க எங்களிட்ட ஒரு பாகம் கயிறு கூட இல்லை. லோன் எடுத்து வலை வாங்கி, ராவு கடல்ல விட்டிட்டு விடிய இழுக்கப் போனா மிதவை மட்டும் மிதக்குது, வலை இல்லை. ரோலர் அரிஞ்சுகொண்டு போட்டுது. அண்டைக்கு அப்பா படகுக்க இருந்து ஒரு சொல்லும் கதைக்கேல்ல. அந்த மடியின்ர கண் 40 ஆ இருந்தா என்ன 80 ஆ இருந்தா என்ன, எங்கட வலை தப்பியிருக்குமோ? மடியோட சேர்ந்து கடல் நிலத்தை வாருற சங்கிலிக்கு எந்தக் கண்ணை வைக்கப் போறியள்?

2017 இல இஞ்ச இலங்கையில சட்டமே போட்டு இழுவைமடியைத் தடை செய்தாச்சு. எங்கட ஆக்கள் அதுக்காக எத்தினை தரம் ரோட்டில இருந்தவை. இப்ப எங்களுக்கே வலைக்கண் வகுப்பு எடுக்க வெளிக்கிடுறியள், அதுதான் தாங்கேலாமல் இருக்கு.

அந்த மடித்துண்டு இன்னும் வேலியில கிடக்கு. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாறன். ரெண்டு பேர் இழுங்கோ, சொன்னவர் தன்ர விரலை விட்டுப் பாக்கட்டும்.