விபத்துக் காருக்கு ‘30 நாள் சட்டம்’ என்று ஒன்று இல்லை

மட்டக்களப்பு, கல்முனை வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: விபத்தில் அடிபட்ட காரை கராஜ் 30 நாளுக்குள் திருத்தித் தராவிட்டால் காப்புறுதிக் கம்பனி புதுக் கார் தர வேண்டுமாம். அப்படி ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை உங்கள் பொலிசிப் பத்திரம்தான் சொல்லும் (வாங்கின அன்றைக்கு மடித்து டேஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்தது, அதேதான்).

என் காரும் கல்லடியில் ஒரு கராஜில் ஒற்றை ஹெட்லைட்டுக்காக இரண்டு மாதம் தூசி பிடித்துக் கிடந்தது, அதனால் கோபம் புரிகிறது. சரி, தாமதமென்றால் கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், ஆணைக்குழுவும் இருக்கிறது. அந்த மெசேஜை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.