வளர்க்கச் சிரமமான பூனை எது? அந்தச் சிரமம் யாருக்கு?

வளர்க்கச் சிரமமான பூனை எது என்று யார் கேட்டாலும் உடனே பெங்கால், சயாமீஸ் என்று பதில் வருகிறது. ஓயாமல் ஓடும், விடாமல் கத்தும், அலமாரியைத் திறந்து உள்ளே புகுந்துவிடும். எல்லாம் உண்மைதான். பெங்கால் என்பது காட்டில் வாழும் சிறுத்தைப் பூனையோடு வீட்டுப் பூனையைக் கலந்து உருவாக்கிய இனம். அது சும்மா உட்கார்ந்திருக்குமா? ஏறிக் குதிக்க உயரமான இடமும் தினமும் கூட விளையாட ஆளும் வேண்டும். நேரம் இருப்பவர்கள் வளர்க்கட்டும், இல்லாதவர்கள் விட்டுவிடட்டும். அந்தச் சிரமம் நம்மோடு போய்விடும்.

பூனையின் உடம்பிலேயே நாம் ஏற்றி வைத்த சிரமத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனையின் மடிந்த காதைப் பார்த்து மயங்காதவர் குறைவு. 1961-ல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் கண்ணில் பட்ட சூஸி என்ற வெள்ளைப் பூனையிலிருந்து வந்த வம்சம் இது. காதை மடிக்கும் அந்த மரபணுக் கோளாறு காதோடு நிற்பதில்லை. உடம்பு முழுக்க உள்ள குருத்தெலும்பையும் அது பாதிக்கிறது. கணுக்கால் தடிக்கும், வால் விறைக்கும், சில பூனைகள் சின்ன வயதிலேயே நொண்டத் தொடங்கும். காது மடிந்த பூனை ஒவ்வொன்றுக்கும் இந்த நோய் கூடவோ குறையவோ இருக்கிறது. பின்னங்காலை நீட்டி மனிதர் மாதிரி உட்கார்ந்திருக்கும் படங்களுக்கு நாம் இதயம் போடுகிறோமே, மூட்டு வலிக்கு இதமாக இருப்பதால்கூட அது அப்படி உட்காரலாம். இதைத் தெரிந்துகொண்டும் குட்டி போட வைத்து விற்பதை என்னால் ஏற்கவே முடியாது.

அடுத்தது பெர்சியன். முடியைத் தினமும் சீவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓரிரு நாள் விட்டால் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கு விழும். அது இறுகினால் ஒவ்வொரு அடிக்கும் தோலைப் பிடித்து இழுக்கும். கத்தரியை எடுத்து வெட்டப் போகாதீர்கள், பூனையின் தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். முகத்தைத் தட்டையாக்கியதன் விளைவு இன்னும் மோசம். கண்ணீர் வடியும் குழாய் வளைந்து அடைபடுவதால் கண்ணோரம் எப்போதும் ஈரம், பழுப்புக் கறை. மூச்சிலும் திணறல். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோயும் இந்த இனத்தில் அதிகம். அதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. தாய், தந்தை இரண்டின் முடிவையும் காட்டச் சொல்லுங்கள். மழுப்புகிறவரிடம் குட்டி வாங்காதீர்கள்.

முடி இல்லாத ஸ்பிங்க்ஸுக்கு வேலை குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தோலில் ஊறும் எண்ணெயை உறிஞ்ச முடி இல்லாததால் அது மெத்தையிலும் சோபாவிலும் ஒட்டும். அடிக்கடி குளிப்பாட்ட வேண்டும், காது அழுக்கை எடுக்க வேண்டும். குளிரும் தாங்காது, வெயிலும் தாங்காது.

ஏற்கெனவே ஃபோல்டு வளர்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எடை கூட விடாதீர்கள். சுலபமாக ஏறி இறங்க விளிம்பு தாழ்ந்த லிட்டர் பாக்ஸ் (பூனையின் கழிப்பறைப் பெட்டி) வையுங்கள். முன்பு தாவிய இடத்துக்கு இப்போது தாவவில்லை என்றால் சோம்பல் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கிறதே என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.