ஒரு ஊர்ல ஸ்டுடியோ கட்டினா சினிமா இண்டஸ்ட்ரி வந்துடுமா?
1996ல ராமோஜி பிலிம் சிட்டி வந்ததாலதான் தெலுங்கு சினிமா சென்னைய விட்டு ஹைதராபாத் போச்சுன்னு உங்க கட்டுரைல எழுதியிருக்கீங்க, அது எனக்கு சரியாப் படல, ஏன்னா தெலுங்கு நடிகர் நாகேஸ்வர ராவ் 1976லயே அங்க அன்னபூர்ணா ஸ்டுடியோவ ஆரம்பிச்சாச்சு, ராமோஜி வந்தப்போ ஆளுங்க ஏற்கனவே போயிட்டிருந்தாங்க. சும்மா ஸ்டுடியோ மட்டும் போதும்னா கேரளாவுல ஆலப்புழைல உதயா ஸ்டுடியோ 1947லயே இருந்துச்சே, அதுக்கப்புறமும் எத்தனையோ வருஷம் மலையாளப் படத்துக்கு பிலிம் கழுவற லேப், பின்னணி இசை சேர்க்கற ரீரெக்கார்டிங் எல்லாம் கோடம்பாக்கம்தான? நான் 90கள்ல இங்க ஒரு எடிட்டிங் ரூம்ல எடுபிடியா இருந்தேன், ரஷ் பிரிண்ட் (எடிட் பண்றதுக்காகப் போடற முதல் பிரிண்ட்) டப்பா மூடில டேப் ஒட்டி ரீல் விவரத்த மலையாளத்துல எழுதியிருப்பாங்க, எனக்குப் படிக்கத் தெரியாம மாத்தி அடுக்கி வச்சு எடிட்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் மறக்கல. மேல கமெண்ட்ல ஒருத்தர் ஷூட்டிங்குக்கு மானியம் குடுத்தா இண்டஸ்ட்ரி தானா வளரும்ங்கறார், மானியத்துக்காக வர்ற யூனிட் ஷூட்டிங் முடிஞ்சதும் கிளம்பிடும் சார், லைட்மேன், மேக்கப்மேன், டப்பிங் பேசுறவங்க இவங்கள்லாம் அந்த ஊர்லயே வீடு பிடிச்சு தங்கணும்னா மாசம் முழுக்க வேலை வேணும், அத இன்னைக்கு குடுக்கறது நாம கிண்டல் பண்ற டெய்லி சீரியல்தான், கட்டுரைல அதப்பத்தி ஒரு வரி கூட இல்ல.